ஸ்டார்ட் என்ற சொல்லோடு பதினோரு வருடம்

'ஸ்டார்ட்' என்ற இங்கிலீஷ் சொல் ஒரு மனிதராக இருந்திருந்தால், அவரும் நானும் ஒரே ஆபீசில் பதினோரு வருடம் வேலை பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் நான் கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் வந்து நிற்பார். அழுது வீங்கிய கண்ணோடு யாராவது படியேறினால், அவர்களுக்குப் பின்னால் அவரும் ஏறி வருவார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

போன வருடம், நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்காக எழுதிக் கொடுக்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. என் பழைய வேலையைப் பார்த்துவிட்டு, "தந்தியாம்மா? அப்பல்லாம் எல்லாரும் ஏன் 'ஸ்டார்ட் இம்மீடியட்லி'ன்னே அடிச்சாங்க? வேற வார்த்தையே கெடைக்கலையா?" என்று சிரித்தாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "கெடைச்சுது தாயி, நெறையக் கெடைச்சுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் பழைய சொற்கள் ஒவ்வொன்றாக என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போயின. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

மதுரையில் சில மாதம் பயிற்சி. இங்கிலீஷ் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக்கி விரலுக்குள் ஏற்றினார்கள். தூக்கத்திலும் என் விரல் தட்டிக்கொண்டிருந்ததால், விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்த பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அனுப்பிவைத்த ஆபீஸ் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் நான் சொல்லப்போகும் குடும்பத்தை இன்றைக்கும் அடையாளம் கண்டுவிடுவார்கள், அதனால் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை. தபால் ஒரு பக்கம், தந்தி மறுபக்கம். என் மேசையில் ஒரு பித்தளைக் கட்டை. அதைத் தட்டினால் அருப்புக்கோட்டையில் கேட்கும். அங்கே தட்டினால் என் முன்னால் இருக்கும் சின்னக் கருவி 'டக்கு டக்கு' என்று பேசும். சத்தம் நன்றாக விழ வேண்டும் என்று அதன் பின்னால் காலி சிகரெட் டின் ஒன்றைச் செருகி வைத்திருப்போம். ஊரில் எனக்குப் பெயர் தந்தியம்மா. தனலட்சுமி என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

மத்தியான வேளைகளில் வெயில் வெள்ளை வெளேர் என்று நிற்கும். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு, அதன் மேல் கானல். தந்திக் கம்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நடந்து போவதுபோல் தெரியும். நான் தட்டிய சொல் இப்போது எந்தக் கம்பத்தைத் தாண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரியும். தெரிந்தும், கம்பியில் உட்கார்ந்திருக்கும் மைனாக்களைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு அது மெதுவாகத்தான் போகிறது என்றே எனக்குத் தோன்றும்.

போஸ்ட் மாஸ்டர் ராமசுப்பு சார். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, எந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்ற மாட்டார். தந்தி ஃபாரத்தை வாங்கினால் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். சொற்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அப்படிப் பார்த்தால்தான் தெரியுமாம். பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு எண்ணுவார். கடைசியாக, அனுப்புகிறவருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்வார். வந்தவர் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அனுப்புகிறவர் சம்மதிக்காத ஒரு எழுத்து எங்கள் கம்பியில் ஏறக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். ஃபாரத்தை மேசையில் வைத்து, சுருக்கம் போகும்வரை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. தபால் பையின் கான்வாஸ் துணியில் அட்டை போட்ட தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வரன் வந்தால் பூர்வீகம் விசாரிப்பார்கள் இல்லையா, அப்படி ஒவ்வொரு சொல்லையும் விசாரிப்பார். எங்கள் ஆபீசில் அதிகம் புழங்கிய சொல் 'ஸ்டார்ட்' என்பதால் அவர் முதலில் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

"இவன் யாருன்னு நெனைக்கிற தனம்? பூர்வீகத்துல இவன் பொறப்பட்டுப் போறவனே இல்ல. துள்ளுறவன். திடுக்குன்னு எந்திரிச்சுக் குதிக்கிறவன். 'ஸ்டார்ட்டில்'னு ஒரு வார்த்தை இருக்குல்ல, தூக்கிவாரிப் போடுறது, அது இவனுக்குச் சொந்தக்காரன்."

"நம்ம நரிக்குடி பஸ்ஸு ஸ்டார்ட் ஆகுறதப் பாத்தா தெரியுதே சார். சாப்பிட விடுங்க" என்பேன்.

விட மாட்டார். 'கமென்ஸ்' லத்தீனில் பிறந்து பிரான்சு வழியாக வந்தவர், அதனால்தான் அரசாங்கச் சுற்றறிக்கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். 'பிகின்' சொந்த ஊர்க்காரர், ஆனால் பூர்வீகம் சரியாகத் தெரியவில்லை, திறப்பது என்று சிலர் சொல்கிறார்களாம். 'புரொசீட்' ஒரு அடி முன்னால் வைப்பது. 'டிபார்ட்' பிரிப்பது, அண்ணன் தம்பி நிலத்தைப் பங்கு போடுவதுபோல. 'லீவ்' என்ற சொல் முதலில் புறப்படுவதைச் சொல்லவில்லை, பின்னால் மிச்சம் விட்டுவைப்பதைச் சொன்னது. இதை அவர் சொன்ன மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவை யாரும் தந்தியில் சொல்ல மாட்டார்கள். வீட்டில் பிணம் கிடக்கும். அண்ணன் தம்பி பம்பாயிலோ சூரத்திலோ இருப்பான். "செத்துட்டாகன்னு அடிச்சா நடுவழியில விழுந்துருவாம்மா, முடியலன்னு மட்டும் அடிங்க" என்று கவுண்டரில் வந்து நிற்பார்கள். நானும் எழுதுவேன்: மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். தெரியாததுபோல் ரயில் ஏறி, தெரியாததுபோல் ஊர் வந்து, தெரு முனையில் வந்துதான் வாய்விட்டு அழுவார்கள். உயிர் இன்னும் இருக்கும்போது வரவழைப்பதற்கும் எங்கள் ஃபாரத்தில் அதே வாசகம்தான்.

ராமசுப்பு சாருக்கு இது பிடிக்கவில்லை. "பொய்யி சொல்லிச் சொல்லி ஒரு வார்த்தைக்கு வலு போயிரும் தனம். நெசத்தச் சொல்லணும்னு வாரப்ப அது ஒன்கூட வராது" என்றார்.

"அப்ப நீங்களே 'எக்ஸ்பயர்டு'ன்னு எழுதிக் குடுங்க. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எவனாச்சும் விழுந்தா நீங்க பதில் சொல்லுங்க" என்று நான் பட்டென்று சொன்னேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். அவர் ஃபாரத்தைத் தேய்த்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், திங்கட்கிழமை, சீனியம்மாள் வந்தார். குண்டாற்றுக்கு அக்கரையில் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீட்டுப் பெண், முப்பது வயது இருக்கும். மிளகாய்ப் பழம் பறித்த கை எரிகிறது என்று ஈரத் துணி சுற்றியிருந்தார். அவருடைய அண்ணன் சோலை நாக்பூர் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர்.

"ஆத்தாவுக்கு ரொம்ப முடியலம்மா. டாக்டரு ஒரு வாரந்தான்னுட்டாரு. ஆனா நெனவா இருக்காக, நல்லாப் பேசுறாக. அண்ணன் இப்பக் கெளம்புனா முழிச்சிருக்கையில மொகத்தப் பாத்துருவாக…" அவர் சொல்லி முடிக்கவில்லை. என் கை எழுதி முடித்திருந்தது. அதே நான்கு சொல். சட்டப்படி தமிழில் படித்தும் காட்டினேன்: அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படு. அவர் தலையாட்டினார். சார் தலைகீழாகப் பார்த்தார், எண்ணினார், சரி என்றார். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இத்தனை வருடத்தில் என் கை செய்த மிகப் பெரிய தப்பு அதுதான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கருவி பேசத் தொடங்கியது. சீனியம்மாள் பெயருக்கு நாக்பூரிலிருந்து. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தேன். கேட்கும்போது அர்த்தம் ஓடாது, எழுத்துதான் ஓடும். கடைசிப் புள்ளி நின்ற பிறகுதான் படித்தேன். மனம் உடைந்துவிட்டது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அடக்கத்தை முடித்துவிடுங்கள், பதினாறாம் நாளுக்கு வந்துவிடுகிறேன் என்று இருந்தது.

உயிரோடு இருக்கிற தாய்க்கு மகன் அழுது முடித்துவிட்டான். அவன்மேல் குற்றமே இல்லை. ரயிலில் வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். எங்கள் வெயிலில் உடம்பை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. கிடைக்கிற கொஞ்ச லீவைக் கருமாதிக்கு என்று எடுத்து வைப்பதுதான் தூரத்தில் இருப்பவர்களின் வழக்கம். அந்த நான்கு சொல் வேறெதையும் சொல்லும் என்று அவன் ஏன் நினைக்க வேண்டும்? எத்தனை பிணத்தை அந்த நான்கு சொல்லால் போர்த்தியிருக்கிறேன்! ஃபாரத்தை சாரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். நான் எதிர்பார்த்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நான் அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். கான்வாஸ் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். இருவரும் குனிந்து தேடினோம். லீவ், டிபார்ட், புரொசீட், ஹர்ரி, ஹேஸ்டன், ரஷ். எல்லாச் சொல்லும் வா வா என்றுதான் சொல்லின. ஒன்றுகூட, அவள் இன்னும் இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

"'அலைவ்'னே அடிச்சுருவோமா சார்?"

"அதையும் நீ எத்தன தடவ எழுதியிருக்க?"

எழுதியிருக்கிறேன். வர மறுக்கிற மகன்களை இழுக்க, 'இன்னும் உசுரு இருக்குன்னு அடிங்க' என்று கேட்டவர்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லும் செத்துத்தான் கிடந்தது.

சார் புத்தகத்தை மூடினார். "வார்த்தை இதுல இல்ல தனம். அந்த வீட்லதான் இருக்கும். போயிக் கேட்டுக் கூட்டிட்டு வா. அஞ்சு மணிக்கு லைனு மூடுறதுக்குள்ள வந்துரு, அருப்புக்கோட்டையில நான் சொல்லி வைக்கிறேன்."

பதினொரு மணி பஸ்ஸில் போய் இறங்கி, ஆற்று மணலில் நடந்தேன். குண்டாற்றில் தண்ணீர் இல்லை. அந்த மணலில் எவ்வளவு நேரம் நடந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. வெயிலில் தலை லேசாகி, கால் என்னுடையதுதானா என்று தோன்றியது. எங்கோ கரி சுடுகிற மூட்டம் புகைந்தது. பைக்குள் இருந்த தாள் என்னோடு நடந்து வருகிற இன்னொரு ஆள்போல இருந்தது. கரையேறும்போதும் அது என்னைவிட்டு விலகவில்லை.

வீட்டு முற்றம் முழுக்க மிளகாய் காய்ந்தது. வாசலை ஒட்டி உள்ளே, மூட்டையில் சாய்த்து அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். வேலம்மாள் என்று பெயர். கண் பார்வை மங்கி, உடம்பு வற்றி, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"யாரு?"

"தந்தியம்மா, ஆத்தா."

"எம்மவன் எந்த ஊரு வந்துட்டானாம்?"

பைக்குள் அந்தத் தாள். "கெளம்பிட்டாராம்" என்றேன். பொய்தான், கூசாமல் சொன்னேன்.

சீனியம்மாளை வீட்டுக்குப் பின்புறம் கூட்டிப் போய்த் தந்தியைத் தமிழில் படித்தேன். அவர் அழவில்லை. "அப்ப அண்ணன் அழுது முடிச்சுட்டாகளா?" என்று கேட்டார்.

"என் தப்புதான்" என்றேன். "நீங்க சொன்னத நான் காது குடுத்துக் கேக்கல."

"நானுந்தான தலையாட்டுனேன்" என்றார். அவர் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அப்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. "ஏ சீனி! அந்தக் காதறுந்த சேவல எவனும் தொட்டீக, அப்பறம் இருக்கு. எம்மவன் வந்துதான் அறுக்கணும். ஈரல அவனுக்கு எடுத்து வைக்கணும்."

"மூணு நாளா இதே பாட்டுத்தாம்மா" என்றார் சீனியம்மாள். "மாமன் வந்தாரு, கொழம்பு வைக்க அதப் புடிச்சோம். எந்திரிக்க முடியாத மனுசி, மாமன் மேலயே கம்ப எடுத்து வீசுனாக."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எரிகிற கை. "இத அடிப்போம்" என்றேன். "பொய்யி சொல்றவனுக்கு இது தோணாது."

நான்கு மணிக்கு ஆபீஸ் வந்துவிட்டோம். இந்த முறை நான் பென்சிலைத் தொடவில்லை. சீனியம்மாள் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் எழுதினேன். காதறுந்த சேவலை அம்மா யாரையும் தொட விடவில்லை, நீ வந்து அறுக்க வேண்டுமாம், மாமன்மேல் கம்பை வீசினாள். அவ்வளவுதான் வாசகம். வா என்றோ புறப்படு என்றோ அதில் ஒரு சொல் இல்லை. ராமசுப்பு சார் அதைத் தலைகீழாகப் பார்க்கவில்லை. நேராகவே இரண்டு தடவை படித்தார். "அனுப்பு" என்றார். நான் கட்டையில் கை வைத்தேன். அந்தச் சேவல் கம்பம் கம்பமாகத் தாவி, கானலுக்குள் போவதை அன்றைக்கு நான் ஜன்னல் வழியே பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

வியாழன், வெள்ளி எப்படிப் போயின என்று நினைவில்லை. வேலைக்கு வந்தேன், போனேன். அக்கரையிலிருந்து பால் கொண்டு வருகிறவரிடம் காலையில் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: சேவல் இருக்கிறதா? இருக்கிறது என்பார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி நேராக எங்கள் படியேறினார். கையில் ஒரு பை. தலை மொட்டை, மழித்து நான்கு நாள் ஆன மொட்டை. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இருக்காகளா?" என்றார்.

"இருக்காக. இப்பத்தான் கேட்டேன். சேவலும் இருக்கு."

அவர் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "எங்க கேம்ப்புல எல்லாருக்கும் இந்தத் தந்திதான் வரும்மா. 'ஸ்டார்ட்'டுன்னு வந்தா நாங்க கெளம்ப மாட்டோம். குளிச்சுட்டு உக்காந்துருவோம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விளக்கம் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு ஆற்றை நோக்கி ஓடினார்.

அன்று அங்கே நடந்தது எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியும். சீனியம்மாள் கவுண்டருக்கு வந்து, ஆத்தா இறந்த செய்தியைச் சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "செத்துப் போனாகன்னே எழுதுங்கம்மா" என்றார். எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே, தானாகச் சொன்னார்.

"அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்தாக. ஆத்தாவுக்குத்தான் கண்ணு தெரியாதே, கையால மொகத்தத் தடவுனாக. தடவிக்கிட்டே மேல போயி, தலையில கை நின்னுபோச்சு. 'மொட்டை யாருக்குடா?'ன்னு கேட்டாக. எனக்கு உசுரே இல்லம்மா. அண்ணன் மென்னு முழுங்கி, 'பழனிக்கு ஆத்தா. ஒனக்கு நல்லாகணும்னு நேந்துகிட்டேன்'னாரு. ஆத்தா கைய எடுத்து மோந்து பாத்தாக. பழனி மொட்டைன்னா சந்தனம் இருக்கணும்ல. 'சீனி, கொஞ்சம் சந்தனம் அரைச்சுட்டு வா'ன்னாக. கிண்ணத்த வாங்கி, நடுங்குற கையாலயே, ஒரு எடம் விடாம, அவுகளே அண்ணன் தலையில பூசுனாக. பூசி முடிச்சுட்டு, 'இப்ப சரியாப் போச்சு. போ, போயி சேவலப் புடி'ன்னாக."

ஃபாரத்தை அவர் பக்கம் திருப்பினேன். சட்டப்படி தமிழில் படித்துக் காட்ட வேண்டும். முதல் சொல்லோடு நின்றுவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராமசுப்பு சார் எழுந்து வந்து, எனக்குப் பதிலாக அவர் படித்தார்.